பிரித்துத் தைப்பது போலத்தான்: ஒழுகும் மீன்தொட்டியைச் சரிசெய்வது

அயனாவரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல்கடை. மிஷினுக்கு எதிரே ஒரு மூன்றடி மீன்தொட்டி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கொளத்தூரில் வாங்கியது. அளவு கொடுக்க வரும் அம்மாக்களோடு வரும் பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுக்காமல், ஊசி டப்பாவைக் கவிழ்க்காமல் இருப்பது அந்தத் தொட்டியில் இருக்கும் நாலு கோல்டு ஃபிஷ் புண்ணியத்தில்தான். அதனால் தொட்டி ஒழுகியபோது எனக்கு அது வீட்டு அலங்காரப் பிரச்சினை இல்லை, தொழில் பிரச்சினை.

தெரிந்தது எப்படி என்றால், ஸ்டாண்டுக்குக் கீழே வைத்திருந்த லைனிங் துணிக்கட்டு ஒரு காலையில் கனத்தது. தூக்கினால் சொட்டுகிறது. சாயம் வேறு இறங்கி, ஒரு வாடிக்கையாளரின் வெள்ளை லைனிங் முழுக்க ரோஸ். அதற்குப் பதில் புதுத் துணி நான் வாங்கிக் கொடுத்தேன். சரி, அது போகட்டும். தொட்டியை எப்படிச் சரிசெய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், அது ஒழுகல்தானா என்று பாருங்கள். ஏர் பம்பைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகவே திரும்பி இறங்கும். காலையில் தரை ஈரம், தொட்டியில் ஒரு விரல் குறைவு, ஆனால் கண்ணாடியில் ஒரு குற்றமும் இருக்காது. பம்பை மேலே ஏற்றி வையுங்கள், இல்லாவிட்டால் குழாயில் ஒரு செக் வால்வு, அதாவது தண்ணீரைத் திரும்பி வரவிடாத சின்ன அடைப்பு, போடுங்கள். வேலை முடிந்தது. காற்றுக் குமிழி மேலே வெடித்துத் தெறிப்பது, மூடியில் வேர்த்துச் சொட்டுவது, ஃபில்டர் குழாய் இணைப்பு தளர்ந்திருப்பது, இதெல்லாம்கூட ஒழுகல் வேஷம் போடும். இவை எதுவும் இல்லை என்றால்தான் பிளேடைத் தேட வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தொட்டியின் வெளிப்பக்கம் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, நாலு பக்கமும் அடியில் செய்தித்தாளைச் செருகி வையுங்கள். முதலில் எந்தத் தாள் நனைகிறதோ அந்தப் பக்கம். ஆனால் தண்ணீர் மேலே ஓரிடத்தில் கசிந்து, மூலை வழியாக வழிந்து, கீழே வேறிடத்தில் சொட்டும். அதனால் இன்னொன்றும் செய்தேன். மீனை எடுத்துவிட்டு, தண்ணீரை அதன் போக்கில் ஒழுகவிட்டேன். எந்த மட்டத்தில் நின்றதோ, ஓட்டை அங்கேதான். என் தொட்டியில் பின்பக்க இடது மூலையில், அடியிலிருந்து இரண்டு அங்குலத்தில் நின்றது. அந்த இடத்தில் சிலிக்கானின், அதாவது தொட்டிக் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் ரப்பர் போன்ற பசையின், ஓரம் கண்ணாடியை விட்டு நகக்கண் போலத் தூக்கியிருந்தது. உள்ளே பாசி பிடித்துப் பச்சையாக ஒரு கோடு.

அதற்குக் காரணம் நான்தான். கண்ணாடியில் பாசி சுரண்ட மாதம் ஒருமுறை பிளேடு போடுவேன். மூலையில் பிளேடு போகும்போதெல்லாம் சிலிக்கான் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், பன்னிரண்டு வருடமாக.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் முதலில் செய்வார்கள். ஒழுகிய இரண்டு அங்குலத்தை மட்டும் துடைத்து, பழைய சிலிக்கான்மேலேயே புதுசை அப்பினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பத்தொன்பது நாள் தாங்கியது. இருபதாம் நாள் அதே மூலை.

புது சிலிக்கான் கண்ணாடியைப் பிடிக்கும், உடும்புபோலப் பிடிக்கும். காய்ந்த பழைய சிலிக்கானைப் பிடிக்காது. மேலே படிந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ரவிக்கையில் இற்றுப்போன தையல்மேல் இன்னொரு தையல் ஓட்டினால் என்ன ஆகும்? வாங்கிப் போனவர் கையைத் தூக்கியதும் இரண்டு தையலும் பிரிந்துவிடும். முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் தைக்க வேண்டும். தொட்டியிலும் உள்பக்கச் சிலிக்கான் முழுவதையும், நல்லதாகத் தெரியும் மூலைகளையும் சேர்த்து, எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். பாதி மட்டும் எடுத்தால், பழையதும் புதியதும் சந்திக்கும் இடம் அடுத்த ஒழுகலாகும்.

வெளிப்பக்கம் பூசினால் ஆகாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆகாது. உள்ளே போட்டால் தண்ணீரே அதைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தும். வெளியே போட்டால் தண்ணீர் அதைத் தள்ளிக் கழற்றப் பார்க்கும். என் தொட்டி 36 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். முக்காலே மூணுவீசம் நிரப்பினால் ஏறக்குறைய 100 லிட்டர், அதாவது 100 கிலோ தண்ணீர். முன்கண்ணாடி ஒன்றின்மேல் மட்டும் சுமார் 58 கிலோ தள்ளுகிறது. பிசைந்து ஒட்டும் எபாக்சிப் பசையும் வேண்டாம். அது கல்லாக இறுகிவிடும். கண்ணாடியோ தண்ணீர் ஏறும்போது மயிரிழை வளையும். வளைகிற இடத்தில் வளைகிற பொருள்தான் நிற்கும்.

பிரிக்கும் முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய பட்டையாக இருப்பது ஒன்று. தொட்டியைச் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். உள்மூலையில் வளைவாக ஓடுவது இன்னொன்று. அது தண்ணீரைத் தடுக்கும் ஓரப்பூச்சு. நாம் மாற்றப்போவது இரண்டாவதை மட்டும். முதலாவதை வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே சீராகத் தெரிந்தால் நல்லது. சின்னக் குமிழி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. ஆனால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெள்ளையாக, இறகு விரித்ததுபோல் பிரிந்து தெரிந்தால், அந்தத் தொட்டியைக் கண்ணாடி கண்ணாடியாகக் கழற்றித்தான் மறுபடி ஒட்ட வேண்டும். அதை நான் செய்ததில்லை, தொட்டி கட்டுகிறவரிடம் கொடுப்பேன். கண்ணாடியே கீறல் விட்டிருந்தாலும் அப்படித்தான். கீறல்மேல் சிலிக்கான் தடவிவிட்டு நூறு கிலோ தண்ணீர் பக்கத்தில் தூங்க எனக்குத் தைரியம் இல்லை.

இனி சாமான். முக்கியமானது டியூப். ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் என்று கேட்டதும் எடுத்து நீட்டியது பாத்ரூமுக்கான டியூப். "எல்லாம் ஒண்ணுதாங்கா, ஒட்டிக்கும்." ஒட்டிக்கொள்ளும், மீன்தான் இருக்காது. பாத்ரூம், சமையலறைச் சிலிக்கானில் கருப்புப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும். பூஞ்சையைக் கொல்வது தண்ணீரில் இறங்கினால் மீனுக்கும் கேடு. டியூபின்மேல் சானிட்டரி, ஆன்ட்டி ஃபங்கல், மோல்ட் ரெசிஸ்டன்ட் என்று எது எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அக்வேரியம் என்று எழுதியிருப்பதே நல்லது. காயும்போது வினிகர் நெடி அடிக்கும் அசிடாக்ஸி வகைதான் தொட்டிகளுக்குப் பெரும்பாலும் போடுவது. அந்த நெடி அசிட்டிக் அமிலம். காய்ந்து முடிந்ததும் போய்விடும்.

தேதியையும் பாருங்கள். பழைய டியூப் காயவே காயாது, பிசுபிசுவென்று நிற்கும். நான் வாங்கி வந்ததும் ஒரு பிளாஸ்டிக் மூடியில் சுண்டுவிரல் அளவு பிதுக்கி வைத்துவிட்டு, மறுநாள் அதை ரப்பர்போல உரிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் கை வைத்தேன். கலர்? நான் கருப்பு வாங்கினேன். பாசி பிடித்தால் தெரியாது. ஆனால் கை நடுங்கினால் கருப்பில் அத்தனையும் தெரியும். முதல்முறை செய்கிறவர்கள் நிறமில்லாததையே வாங்குங்கள்.

எவ்வளவு வேண்டும் என்று டேப் வைத்து அளந்தேன், பழக்கதோஷம். அடியில் சுற்றி 96 அங்குலம், நின்ற மூலை நாலுக்கும் 60. மொத்தம் 156 அங்குலம், சரியாக 13 அடி. 280 மில்லி டியூப் ஒன்றே தாராளம், பாதிக்கு மேல் மிச்சம் வந்தது. டியூப், அதைப் பிதுக்கும் கன், மாஸ்கிங் டேப், பிளேடு, அசிட்டோன் எல்லாம் சேர்த்து எனக்கு 700 ரூபாய்க்குள் முடிந்தது. அசிட்டோனைத் தனியாகவே வாங்குங்கள். நகப்பூச்சு எடுக்கும் பாட்டிலில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைத்தால் அதுவும் நல்லது.

மீனுக்கு மாற்றிடம் முதலில். துணி ஊறவைக்கும் பெரிய டப் எனக்கு இருந்தது. ஆனால் சோப்பு தொட்ட எதுவும் ஆகாது என்பதால் புதிதாக ஒன்று வாங்கினேன். பழைய தொட்டித் தண்ணீரையே அதில் நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவாமல் அப்படியே தூக்கி அதில் ஓடவிட்டேன். மீன் கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. அதை உலரவிட்டால் தொட்டி தயாரானாலும் தண்ணீர் தயாராகாது. தீனியைப் பாதியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்குத் தண்ணீர் மாற்றினேன். மேலே ஒரு துப்பட்டாவை இழுத்துக் கட்டினேன், எதிர்வீட்டுப் பூனைக்காக.

இப்போது பிரிப்பது. இந்த வேலையில் ஒட்டுவது பத்து நிமிடம், பிரிப்பது அரைநாள். அந்த அரைநாளைக் குறைக்க நினைத்தால் மறுபடி ஒழுகும்.

தொட்டியைக் காலிசெய்து கழுவி, சோப்பு போடாமல், நன்றாகக் காயவிட்டுத் தரையில் தெர்மாகோல்மேல் வையுங்கள். கட்டர் பிளேடைக் கண்ணாடியோடு படுத்தவாக்கில் வைத்து, சிலிக்கானின் ஒரு ஓரத்தில் மூலையை நோக்கி ஓட்டுங்கள். பிறகு அடுத்த கண்ணாடியோடு சேர்ந்த ஓரத்தில் அதேபோல் ஒன்று. இரண்டு வெட்டும் மூலையில் சந்தித்ததும் நடுவே உள்ளது பட்டையாக உரிந்து வரும். அப்படி ஒரு முழ நீளம் உரிந்து வரும்போது வருகிற சந்தோஷத்தில் கையை ஆழமாக விட்டுவிடாதீர்கள். கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் பட்டைக்குள் பிளேடு நுழையக் கூடாது. மூலையோடு நிற்க வேண்டும்.

பட்டை போனபின் கண்ணாடியில் ஒரு படலம் மிச்சம் இருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும். இதை அசிட்டோன் கரைக்காது. அசிட்டோன் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சிலிக்கானை எடுக்காது. சுரண்டித்தான் ஆகவேண்டும். ஒற்றைமுனைப் பிளேடைக் கைப்பிடியில் மாட்டி, கொஞ்சம் சாய்த்து, ஒரே திசையில் தள்ளுங்கள். மழுங்கியதும் மாற்றுங்கள், மழுங்கிய பிளேடுதான் கண்ணாடியைக் கீறும். உப்புத்தாள் மட்டும் போடவே போடாதீர்கள். நான் சிக்கனம் பார்த்து, கைப்பிடி இல்லாமல் சவர பிளேடை இரண்டாக உடைத்து விரலிலேயே பிடித்தேன். கட்டைவிரலில் இறங்கியது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாலு நாள் கத்தரி பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கைப்பிடியின் விலை அறுபது ரூபாய்.

படலம் போய்விட்டதா என்று அறிய இரண்டு வழி. உலர்ந்த விரலை அழுத்தி இழுங்கள். சுத்தமான கண்ணாடியில் வழுக்கும், படலம் இருந்தால் ரப்பர்போல விரல் தடுக்கும். அடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அதுபோல மூலையில் ஊதுங்கள். ஆவி ஒரே சீராகப் படிந்தால் சுத்தம். இடையில் தீவு தீவாக வேறு மாதிரி படிந்தால் அங்கே இன்னும் இருக்கிறது. நான் மூன்று முறை சுரண்டியும் பின்மூலையில் ஒரு தீவு இருந்தது. அது ஒழுகிய அதே இடம்.

எல்லாம் முடிந்தபின் தூள்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கோல்டு ஃபிஷ் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். கடைசியாக, நூல் பிரியாத வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள், துணியில் அழுக்கு ஒட்டாமல் வரும் வரை. அதன்பின் அந்த மூலையை விரலால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்டால் அங்கே பிடிப்பு குறையும். அசிட்டோன் தீப்பிடிக்கும், அதனால் விளக்கேற்றிய அறையில் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மாஸ்கிங் டேப்பை மூலையிலிருந்து 7 மில்லிமீட்டர் தள்ளி, இரண்டு கண்ணாடியிலும் நேராக ஒட்டினேன். இதற்கு ஒரு மணிநேரம் ஆனாலும் ஆகட்டும். துணியில் சாக்கட்டிக் கோடு சரியாக இருந்தால் தையல் தானாக நேராக வருகிற மாதிரிதான் இதுவும். டியூபின் மூக்கைச் சாய்வாக, துளை 5 மில்லிமீட்டர் இருக்கும்படி வெட்டுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

இங்கே ஆள் துணை வேண்டும். சென்னை ஈரக்காற்றில் சிலிக்கான் பத்து நிமிடத்துக்குள் ஆடை கட்டத் தொடங்கிவிடும், பாலில் கட்டுவதுபோல. ஆடை கட்டியபின் தொட்டால் சுருங்கி இழுபடும், பிறகு சரியாகாது. என் மகள் கன் பிடித்தாள், நான் பின்னாலேயே விரலால் வழித்துக்கொண்டு வந்தேன். நின்ற மூலைகள் நாலையும் மேலிருந்து கீழாக முதலில் போட்டோம், பிறகு அடியைச் சுற்றி ஒரே ஓட்டமாக. மூன்று கண்ணாடி சேரும் அடிமூலைகளில் ஒரு பொட்டு கூடுதலாக வைத்தோம். ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். கன் விசையை விட்டு விட்டு அமுக்காமல், ஒரே வேகத்தில் போக வேண்டும். நடுவில் காற்றுக் குமிழி விழுந்தால் அது சின்னச் சுரங்கம்.

கையுறை போட்ட விரலை ஒரு மூலையில் வைத்தால் மறு மூலை வரை எடுக்காமல் ஒரே இழுப்பு. ஒருமுறைதான். இன்னும் அழகாக்கலாம் என்று இரண்டாம் முறை போனால் கெடும். இட்லி மாவு தோசைக்கல்லில் விரிப்பது மாதிரி, கை நின்றால் திட்டு. வழித்து முடித்த உடனே, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். காய்ந்தபின் உரித்தால் சிலிக்கானின் ஓரமும் சேர்ந்து தூக்கும், பன்னிரண்டு வருடம் கழித்து வரவேண்டிய ஒழுகல் முதல் நாளே வரும்.

பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் முடியவில்லை. மறுநாளே தொட்டுப் பார்த்து "காய்ஞ்சிடுச்சு" என்றார் வீட்டுக்காரர். மேலே காய்ந்திருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் சிலிக்கான் இறுகுகிறது. அதனால் வெளியிலிருந்து உள்நோக்கி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் போகும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைப்பது தப்பு, இதற்கு வேண்டியது ஈரக்காற்று. கணக்குப்படி மூன்று நாள் போதும். நான் ஏழு நாள் விட்டேன். மூலையில் மூக்கை வைத்து முகர்ந்தால் வினிகர் நெடி துளிகூட இருக்கக் கூடாது.

சோதனையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். தொட்டியை வாசல் திண்ணைக்குத் தூக்கிப் போய், ரசமட்டம் வைத்துப் பார்த்து, தெர்மாகோல்மேல் வைத்தோம். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஒரு மூலைக்கு மட்டும் சுமை ஏறும். பழைய ஸ்டாண்டையும் அப்போதுதான் மட்டம் பார்த்தேன். பின்கால் ஒன்று அரை அங்குலம் இறங்கியிருந்தது. பிளேடு மட்டும் குற்றவாளி இல்லை போலிருக்கிறது. முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு, மூன்றாம் நாள் முழுக்க. சுற்றிலும் செய்தித்தாள். முழுக்க நிரப்பி இன்னொரு நாள் விட்டேன். தாள் காய்ந்தே இருந்தது. நிரம்பிய தொட்டியை மட்டும் நகர்த்தக் கூடாது, காலிசெய்துதான் தூக்க வேண்டும்.

அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு, ஒருநாள் காற்றோட்டத்தில் வைத்த மெட்ரோ தண்ணீரையும் டப்பில் இருந்ததையும் கலந்து ஊற்றி, ஸ்பாஞ்சைத் திரும்பப் போட்டு, மீனை விட்டேன். இப்போது மூலைகளில் பிளேடு போடுவதில்லை, பழைய பல் பிரஷ்தான்.

பக்கத்து வீட்டு அண்ணன் மாடியில் சிமெண்ட் தொட்டி வைத்து மோலி மீன் வளர்க்கிறார். மிச்சமிருந்த டியூபைக் கேட்டார். சிமெண்டில் இந்த வினிகர் வகை சரியாகப் பிடிக்காது, அமிலமும் சுண்ணாம்பும் சேராது என்று சொல்லி, டியூபைக் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார். டியூப் மூக்கில் ஒரு நீளமான ஸ்க்ரூவைச் செருகி அலமாரியில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் முன்னால் ஒரு அங்குலம் இறுகிக் கிடந்தது. அதை இழுத்துப் போட்டுவிட்டு, கடை ஜன்னல் கண்ணாடி ஆடிக்கொண்டிருந்த இடத்தில் பூசினேன்.